செட்டிநாட்டு வீட்டை விருந்தினர் இல்லமாக்கப் போகிறீர்களா? கையெழுத்தும் கூரையும் முதலில்

எங்கள் பாட்டையா கட்டிய வீடு காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அதை ஏழு அறைகள் கொண்ட விருந்தினர் இல்லமாக மாற்றி இப்போது நடத்தி வருகிறேன். ஒன்றரை வருடத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை நான்கு வருடத்தைத் தாண்டியது. 60 லட்சம் என்று போட்ட கணக்கு ஒரு கோடியே 15 லட்சத்தில் வந்து நின்றது. அதில் 20 லட்சத்துக்கு மேல் வீணாகப் போன பணம். செய்ததைப் பெயர்த்துத் திரும்பச் செய்ததும், காத்திருந்த மாதங்களுக்குக் கட்டிய வட்டியும்தான் அது. இந்த வேலையில் இறங்கும்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. ஏற்கெனவே செய்து முடித்தவர்கள் பெரிய பணம் உள்ளவர்கள், அல்லது கட்டடக் கலைஞர்கள். என் போல வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையும் நகைக்கடனையும் நம்பி இறங்கியவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. பங்காளிகளின் கையெழுத்து, கூரை, சுவர், கழிவுநீர், அப்புறம்தான் தரையும் தோட்டமும் அலங்காரமும். உங்களிடம் பணம் வாங்க வருகிற அத்தனை பேரும் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். தரையும் வண்ணமும் கண்ணுக்குத் தெரியும், படம் எடுத்துப் போடலாம். ஓட்டுக்கு அடியில் இருக்கும் கட்டையை யாரும் படம் எடுப்பதில்லை.

கையெழுத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீடுகள் எப்படிப்பட்டவை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முகப்பு, நடுவில் திறந்த முற்றமுள்ள வளவு, அதன் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பகுதி பகுதியாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு மகனுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். முகப்பும் முற்றமும் கிணறும் எல்லோருக்கும் பொது. பாட்டையாவுக்கு நான்கு மகன்கள். இப்போது நான்காவது தலைமுறை. பினாங்கில் ஒருவர், சிங்கப்பூரில் இருவர், அமெரிக்காவில் சிலர், மீதிப் பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும். வீடு பூட்டியே கிடக்கிறதே, நான் எடுத்து நடத்துகிறேன், வருமானத்தில் பங்கு தருகிறேன் என்றபோது போனில் எல்லோரும் சரி என்றார்கள். தாளில் எழுதலாம் என்றதும்தான் சத்தம் மாறியது. உறவில் மூத்த பெரியப்பச்சி ஒருவர் (அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா) நேரிலேயே கேட்டார். “ஆத்தா, உனக்குச் செய்ய வேண்டிய சீரெல்லாம் உங்க அப்பச்சி செஞ்சாச்சு. வளவுல உனக்கென்ன பங்கு?” கோபமாகக் கேட்கவில்லை, அன்பாகவே கேட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்த வளவில்தான் பள்ளி விடுமுறை முழுவதும் வளர்ந்தேன்.

வழக்கறிஞரிடம் போனபோதுதான் படம் தெளிவானது. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டு, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் மகளையும் மகனையும் சமமாக்கியது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது, 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனக்குப் பங்கு உண்டு என்று கேட்டபோது ஒரு நிம்மதி. உடனே அடுத்த பயம். எனக்கு உண்டென்றால் எல்லா வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் உண்டுதானே? அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, கட்டிக்கொடுத்துப் போன அக்கா தங்கைகள், அவர்கள் இறந்திருந்தால் அவர்கள் பிள்ளைகள் என்று பட்டியல் நீண்டது. இதைச் சொன்னதும் இரண்டு வீடுகளில் என்னோடு பேச்சு நின்றுபோனது. ஆனால் இது இல்லாமல் வங்கி கடன் தரவில்லை. தந்திருந்தாலும் நாளைக்கு யாரோ ஒருவர் வழக்குப் போட்டால் விருந்தினர் இருக்கும்போதே வீட்டைப் பூட்ட வேண்டியிருக்கும்.

உங்களுக்கும் இந்த நிலை என்றால், எதையும் தொடங்கும் முன் ஒரு பெரிய தாளில் வம்சாவளி போட்டு, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றை எடுக்க முடிந்த அளவு பழைய ஆண்டிலிருந்து எடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், தங்களுக்காக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்புவார்கள். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பினாங்கு அண்ணன் அனுப்பிய பத்திரத்தை இடையில் இருந்த ஒருவர் மேசை இழுப்பறையில் வைத்து மறந்துவிட்டார். கெடு தாண்டியது. மறுபடியும் எழுதி அனுப்பச் சொல்ல, அண்ணன் உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில். அந்த ஒரு தாளுக்காக ஒரு மழைக்காலம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூதரகக் கூரியர் வந்த தேதியை எழுதிவைத்து, தாளை நீங்களே கையில் எடுத்துப் போங்கள்.

கடைசியில் இரண்டு வீட்டார் தங்கள் பங்கை எனக்கு விற்றார்கள். மற்றவர்கள் பங்கை வைத்துக்கொண்டு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் ஒப்பந்தத் தாளில் விட்டுவிடாதீர்கள். பங்காளிகளுக்குள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதினால் குடும்பத்துக்கான சலுகைக் கட்டணம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் அந்த வரையறைக்குள் வருகிறார்களா என்று பத்திர எழுத்தரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த இடத்தில் கணக்கு பெரிதாக மாறியது. குத்தகையில் நான் சேர்த்த ஒரு வரி பிறகு என்னைக் காப்பாற்றியது. முன்னோரைக் கும்பிடும் படைப்பு, குடும்பத் திருமணம், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்தி இவற்றுக்கு ஆண்டில் இத்தனை நாள் வீடு குடும்பத்துக்கு, மூன்று மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் அது. இதை எழுதியதும் பேசாமல் இருந்த வீடுகள் பேசத் தொடங்கின. அவர்களுடைய பயம் பணத்தைப் பற்றியது இல்லை. சாமி கும்பிட வரும்போது வாசலில் யாரோ ஒரு அந்நியர் நம்மைத் தடுத்துவிடுவாரோ என்பதுதான்.

பத்திர வேலை நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் எனக்கு மிகவும் வலித்த ஒன்று நடந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது பலருக்கும் தெரியும். அங்கே இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தவை? எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவைதானே. ஒரு பங்காளி, தன் பங்கில் உள்ள அறைதானே என்று, இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைக்கதவைத் தரகர் ஒருவருக்கு விற்றுவிட்டார். நிலையைப் பெயர்த்த ஆட்கள் மேலே முட்டுக் கொடுக்கவில்லை. நிலை தாங்கிக்கொண்டிருந்த சுவர் விரிசல் விட்டு, மேலே இருந்த தளத்தின் ஒரு மூலை இறங்கியது. கதவுக்கு அவருக்குக் கிடைத்தது என்னவோ சில ஆயிரங்கள். சுவரையும் தளத்தையும் சரிசெய்ய எனக்கு ஆனது மூன்றரை லட்சம். பேச்சு தொடங்கிய அன்றே வீட்டில் உள்ள ஒவ்வொரு கதவு, தூண், கண்ணாடி, ஊஞ்சல், பித்தளை வளையம் வரை படம் எடுத்து, எண் போட்டு, எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பி, “பார்த்தேன், சரி” என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. பட்டியல் இருக்கிறது என்று தெரிந்தாலே தரகர்கள் பக்கத்தில் வர மாட்டார்கள்.

இனி கூரை. எங்கள் வீடுகளில் வளவைச் சுற்றி நாட்டு ஓட்டுச் சரிவு, முகப்புக்கும் மாடிக்கும் கட்டைக்குத்துத் தளம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாகக் குத்தி நிறுத்தி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு இடித்து, மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதித்திருப்பார்கள். பர்மா தேக்கு, நூறு வருடம் ஆனாலும் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். கட்டையின் நடுப்பகுதியைத் தட்டினால் கணீர் என்றுதான் கேட்டது. ஒரு கொத்தனார் ஏணியில் ஏறி, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு நீள ஆணியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சுத்தியல் இல்லை, வெறும் விரல். ஆணி முழுதாக உள்ளே போய்விட்டது. “ஆச்சி, வெளிய ராஜா மாதிரி இருக்கும். சுவத்துக்குள்ள வாய் போயிருச்சு” என்றார். மேலே தட்டோட்டின் இடுக்கில் இறங்கிய தண்ணீர் சுவருக்குள் தேங்கி, கட்டையின் முனையை மட்டும் உளுக்க வைத்திருந்தது. விலை பேசும் முன், ஆள் வைத்து ஒவ்வொரு கட்டையின் இரண்டு முனைகளையும் இப்படிச் சோதித்துவிடுங்கள். ஒரு நாள் கூலிதான் செலவு. நான் இதைச் செய்தது, ஒப்பந்தக்காரர் கூரைக்கு வெறும் ஆறு லட்சம் எழுதிக் கையெழுத்தான பிறகு. கூரைக்கு மட்டும் 24 லட்சம் ஆனது.

உளுத்த முனையை அறுத்துவிட்டு, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு, இரும்புப் பட்டை போட்டு முடுக்கினோம். புது மரம் சரிவராது. காய்ந்து சுருங்கி, தளத்தில் வெடிப்பு விடும். பழைய பர்மா தேக்கு வேண்டுமென்றால் இடித்த வீட்டு மரக் கிடங்குக்குத்தான் போக வேண்டும், கன அடிக் கணக்கில் விற்கிறார்கள். அங்கே அடுக்கியிருந்த ஒரு உத்தரத்தில் யாரோ வீட்டுத் திருமணத்துக்குக் கட்டிய தோரணத்தின் ஆணிகள் இன்னும் இருந்தன. ஒரு வீட்டைக் காப்பாற்ற இடிந்துபோன இன்னொரு வீட்டை வாங்குகிறோமே என்று அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஆனாலும் வாங்கினேன். வேறு வழி கிடையாது.

தளத்தின் மேல் சிமெண்டு போட்டு ரசாயனப் பூச்சு அடித்துவிட்டால் பத்து வருடம் கவலையில்லை என்று ஒப்பந்தக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். விடாதீர்கள். மேலே எடை கூடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டைக்குள் இறங்கும். ஓட்டுச் சரிவில் கவனிக்க வேண்டிய இடம் இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாய். வளவின் நான்கு மூலைகளிலும் தண்ணீர் அத்தனையும் அங்கேதான் ஓடிவந்து விழும். அங்குள்ள தகடு ஓட்டையாகியிருந்தால் அடியில் இருக்கும் தூணும் போய்விடும். தகட்டுக்கு மட்டும் மலிவானதை வாங்க வேண்டாம், நான் செம்புத் தகடே போட்டேன். இந்த வேலை எதுவானாலும் ஐப்பசி பிறப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும். இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த நேரத்தில் ஓட்டைப் பிரித்துப் போட்டால் நூறு வருடம் நனையாத மச்சும் நனைந்துவிடும்.

சுவர் விஷயம்தான் எனக்கு மிகப் பெரிய நஷ்டம். எங்கள் வீட்டில் பட்டாலை என்னும் கூடத்துச் சுவரில் முகம் பார்க்கலாம். சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு கலந்த நைசுப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சுவர் அது. நான் பத்திர வேலையாகச் சென்னையில் இருந்த நாட்களில், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அடிப்பகுதியில் பெயர்ந்திருந்த இடங்களைச் சிமெண்டால் பூசி, மேலே பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது புது வீடு போலத்தான் இருந்தது. அடுத்த மழை முடிந்து தை மாதம் பார்க்கிறேன், இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுவதும் கொப்புளம். ஒன்றை விரலால் தொட்டதும் பெயிண்ட் தோல் உரிந்து, வெள்ளை உப்புப் பொடி உள்ளங்கையில் கொட்டியது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பாக இருந்தால் அந்த ஈரம் காற்றோடு போய்விடும். சிமெண்டு வழியை அடைத்ததும் ஈரம் மேலே ஏறி, அதுவரை நன்றாக இருந்த முட்டைப் பூச்சையும் கெடுத்துவிட்டது. சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது பழைய செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்தது. அதற்கு மட்டும் எட்டு லட்சமும் ஏழெட்டு மாதங்களும் போயின. ஒப்பந்தக்காரர் போனை எடுக்கவே இல்லை. ஒப்பந்தத்தில் “பூச்சு வேலை” என்று மட்டும் இருந்ததால் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. “பழைய சுவரில் சிமெண்டு, பட்டி, பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது, சுண்ணாம்பு மட்டும்” என்று ஒரு வரி எழுதி, மீறினால் அவர் செலவில் எடுத்துத் தர வேண்டும் என்று அடுத்த வரியும் எழுதிக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு தருவதாகப் பேசுங்கள்.

பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் கிடைத்தார். அவரை நாள் கூலிக்குத்தான் அமர்த்தினேன். இந்த வேலைக்குச் சதுர அடிக் கணக்கு பேசினால் அவசரம் வந்துவிடும். சுண்ணாம்பை நீற்றி, சலித்து, தொட்டியில் தண்ணீர் மூடி நிற்க வாரக்கணக்கில் ஊறப்போட்டார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் தனியாக. முற்றம் முழுவதும் புளித்த வாசம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து, அடுத்ததற்கு அவர் சரி சொல்லும் வரை யாரும் தொடக்கூடாது. கடைசிப் பூச்சின் நாளில் அவர் பேசவே மாட்டார். காது மட்டும் கல்லின் சத்தத்தில் இருக்கும். முதலில் கரகரவென்று கேட்கும், தேய்க்கத் தேய்க்கச் சத்தம் குறைந்து, ஒரு கட்டத்தில் கல் சத்தமே இல்லாமல் வழுக்கும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்குமேல் தேய்த்தால் கறுத்துவிடும் என்றார். அவரோடு இரண்டு இளைஞர்களைச் சேர்த்து, கற்றுக்கொள்ளும் காலத்துக்கும் முழுக் கூலி கொடுத்தேன். அந்தப் பணத்தை நான் செலவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவர்கள்தான் இன்றைக்கும் என் வீட்டுக்கு வருகிறார்கள்.

குளியலறை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. ஒவ்வொரு அறைக்கும் ஒன்று இல்லாமல் விருந்தினர் வர மாட்டார்கள். கட்டைக்குத்துத் தளத்தின் மேல் மாடியில் ஒருபோதும் வைக்காதீர்கள், எத்தனை பூச்சு அடித்தாலும் ஒரு நாள் ஒழுகும், அடியில் இருப்பது மரம். வளவு அறைகளுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைகளைக் குளியலறையாக்கினேன். பழைய சுவரைக் குடைந்து குழாய் பதிக்காமல், வெளிப்புறமாகவே ஓட விட்டேன். மின்கம்பியும் அப்படித்தான், சுவருக்கு மேலேயே குழாயில். சரியாக வண்ணம் கொடுத்தால் யாரும் குறை சொல்வதில்லை. கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். மழைத் தண்ணீருக்கு முற்றத்துக் கல்லை உடைத்துப் புதுக் குழாய் பதிக்க வேண்டும், இரண்டு லட்சத்துக்குப் பக்கம் ஆகும் என்றார்கள். கொத்தனார் ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் மூலையில் நின்றுவிட்டது. அங்கே யாரோ எப்போதோ வைத்த சிமெண்டு அடைப்பைப் பெயர்த்ததும் உள்ளே கல் கால்வாய் அப்படியே இருந்தது. அடுத்த குடத்துத் தண்ணீர் நிமிடத்தில் தெரு வாறுகாலுக்கு வந்துவிட்டது. வளவில் விழும் மழை ஊருணிக்குப் போய்ச் சேரத்தான் எங்கள் ஊர்களில் அந்தக் காலத்திலேயே வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். புதிதாக எதையும் போடும் முன் பழையது எங்கே போகிறது என்று தேடிப் பாருங்கள்.

தரையை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கையால் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அதனால் அமிலம் பட்டால் முகம் போய்விடும். சுத்தம் செய்ய வந்த ஆட்கள் முகப்பில் ஒரு மூலையை ஆசிட் ஊற்றிக் கழுவியதில் அந்தப் பூ இன்னும் வெளிறியே இருக்கிறது. வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் துளி தேங்காய் எண்ணெய், அது போதும். மனிதர்கள் நடக்க நடக்க மெருகு தானாக ஏறும்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. மூன்றாம் கட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் போல சீமைக் கருவேலம் அடைந்து கிடந்தது. இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் வழித்துவிடலாம் என்றார்கள். நான் கை வேலையாகவே செய்யச் சொன்னேன். அதனால்தான் உள்ளே மறைந்திருந்த ஒரு பன்னீர் மரமும், கிணற்றோரத்துப் பழைய நெல்லியும், ஆத்தா வைத்த பவழமல்லியும் தப்பின. கருவேலத்தை வேரோடு எடுக்காவிட்டால் ஒரே மழையில் தழைத்துவிடும். சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றுகள் அதைவிட மோசம். வெட்டினால் உள்ளே வேர் தடிக்கும். சுற்றியுள்ள நாலு செங்கல்லைப் பெயர்த்து வேரை முழுதாக உருவி, சுண்ணாம்பு வைத்துக் கட்ட வேண்டும். இங்குள்ள மண் சரளை. புல்தரை போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் வடிவமைப்பாளர்களிடம் கவனமாக இருங்கள், கோடையில் அதற்கு ஊற்றவே கிணறு காணாது. இடித்த சுண்ணாம்பு ஜல்லியைப் பாதைக்குப் பரப்பி, வாழை, முருங்கை, செம்பருத்தி, மகிழம் என்று வைத்தேன். கிணற்றைத் தூர்வாரிய வருடத்திலிருந்து தோட்டத்துக்கு வெளித் தண்ணீர் வாங்கவில்லை. சுவருக்கு ஒட்டி மட்டும் எதையும் நடாதீர்கள், ஊற்றுகிற தண்ணீர் சுவருக்குத்தான் போகும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளாட்சியின் தொழில் உரிமம், கட்டடப் பயன்பாட்டு மாற்றம், வீட்டு வரியும் மின் இணைப்பும் வணிகத்துக்கு மாறுவது, தீயணைப்புத் துறை, உணவுப் பாதுகாப்புப் பதிவு, சுற்றுலாத் துறைப் பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. வெளிநாட்டவர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும், அதற்கான கணக்கைத் திறக்கவே நாள் எடுக்கும். இவற்றை வேலை நடக்கும்போதே தொடங்குங்கள். நான் கட்டி முடித்துவிட்டு, விருந்தினர் இல்லாமல், வட்டி கட்டிக்கொண்டு தாள்களுக்காகக் காத்திருந்தேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பதால் மானியம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்து முன்பணமாக 75,000 வாங்கிப் போனார். அந்தப் பட்டியலில் ஊர் இருப்பதால் உங்கள் வீட்டுக்குப் பணமோ பாதுகாப்போ தானாக வராது. அப்படிச் சொல்பவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

வருமானம் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வருகிற வெளிநாட்டவர் பெரும்பாலும் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் இடையில் ஓரிரு இரவு தங்குபவர்கள், மார்கழி முதல் மாசி வரைதான் அவர்கள் காலம். பிள்ளையார்பட்டிக்கு வருகிற நம்மவர்களும், சொந்த ஊர் பார்க்க வருகிற வெளியூர்ப் பிள்ளைகளும்தான் மற்ற மாதங்களைத் தாங்குகிறார்கள். சித்திரை, வைகாசியில் ஏழில் இரண்டு அறை நிறைந்தாலே பெரிது. கடன் தவணையை வருடம் முழுவதும் ஒரே சீராக வைக்காமல் பேசிப் பாருங்கள். எனக்கு வங்கி அதற்கு இணங்கவில்லை, கோடைத் தவணையைக் குளிர்கால வரவிலிருந்து ஒதுக்கித்தான் கட்டுகிறேன். மூன்றாவது வருடத்தில்தான் நடத்தும் செலவு போக மிச்சம் வந்தது. போட்ட பணம் திரும்ப இன்னும் பல வருடம் ஆகும். அது தெரிந்தும் இந்த வீட்டை நான் மறுபடியும் எடுப்பேன்.

வரவில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் கூரைக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். ஆவணி பிறந்ததும் கொத்தனாரும் அந்த இரண்டு இளைஞர்களும் வந்து ஓடு மாற்றி, கூடுவாயில் சேர்ந்த சருகை அள்ளி, தட்டோட்டின் இடுக்குகளைச் சுண்ணாம்பால் அடைத்து, கட்டை முனைகளை ஆணியால் குத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வாரம் மட்டும் அறைகளை யாருக்கும் கொடுப்பதில்லை. நீங்களும் உங்கள் முன்பதிவு அட்டவணையில் அந்த வாரத்தை முதலிலேயே அடைத்து வைத்துவிடுங்கள்.